காப்புக் கட்டின வாரமும் ஒரு டச்பேடும்

எனக்கு மெஷினைப் பார்த்தால் பயம் கிடையாது. பேளுக்குறிச்சியில் பிறந்த வீட்டில் இருக்கும்போதே மிக்சி, மோட்டார் ஸ்டார்ட்டர், டிவி ரிமோட் என்று எது மக்கர் செய்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கழற்றிப் பார்ப்பேன், துடைப்பேன், ஊதுவேன், திரும்ப மாட்டுவேன். பாதி சரியாகிவிடும். சரியாகாததை "நான் பார்த்துட்டேன், இது கடைக்குத்தான் போகோணும்" என்று கெத்தாகச் சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வேன். கல்யாணமாகி மலைக்கு மேலே, நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டங்களில் ஒன்றான ஆலத்தூர் நாட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அப்பேர்ப்பட்ட என்னை, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு டச்பேட் ஒரு வாரம் தண்ணி காட்டியது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கீழே சமவெளியில் ஒரு கம்பெனி. அவர்கள் ரோட்டுப் படங்களாக அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்திலும் மாடு, லாரி, பைக், ஆள் என்று இருப்பதையெல்லாம் சுற்றி ஓரம் பிசகாமல் கோடு போட வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது மாடு, இது லாரி என்று காட்டிக்கொடுக்கிற வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம். முதல் நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வாய் சும்மா இருக்கவில்லை.

"மாட்டைச் சுத்திக் கோடு போடறதுக்குச் சம்பளமா? மாட்டைப் புடிச்சுக் கட்டி மேய்க்கறவனுக்கு எவன் குடுக்கறான்?"

லேப்டாப்பும் கம்பெனி கொடுத்ததுதான். யாரோ நாலு பேர் அடித்து ஓய்ந்த பழசு. பேட்டரி பேருக்குத்தான் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்ணை மூடிவிடும். படங்கள் வெளியே போய்விடக் கூடாது என்று பக்கத்தில் இருக்கிற ஓட்டைகளையெல்லாம் வேலை செய்யாதபடி பூட்டிவைத்திருந்தார்கள். மவுஸ் சொருகினால் எடுக்காது. வயர் இல்லாத மவுஸும் ஆகாது. ஆக, விரலும் டச்பேடும்தான் கதி.

சோதனைக் காலம் முடிகிற சமயத்தில் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். ஒரு காலை நேரம் முழுக்க, விடாமல் கோடு போட வேண்டும். அதில் தேறினால் காலாகாலத்துக்கும் வீட்டில் இருந்தே வேலை. தேறாவிட்டால் கீழே ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், பக்கத்திலேயே ஹாஸ்டலில் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் ஊடு. என் மகள் ஏற்கெனவே கீழே காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஊட்டுக்காரர் விடிந்ததும் மிளகுக்காடு, குச்சிக்கிழங்குக்காடு என்று போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலில் வீட்டில் நானும் அத்தையும்தான். நானும் கீழே இறங்கிவிட்டால் அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மலையில் இருக்க வேண்டும். வேலையும் வேண்டும். இரண்டும் வேண்டும், அவ்வளவுதான்.

அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்குள் ஒரு செருப்புச் சண்டை பல மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் குதிகால் வலி. மலைக்குளிரில் சிமெண்டுத் தரை காலை ஈட்டியாய்க் குத்தும். வெறுங்காலோடு நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பேளுக்குறிச்சிச் சந்தையில் மெத்தென்று ஒரு ரப்பர் செருப்பு வாங்கிவந்து, வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். வாசப்படியைத் தாண்டாத செருப்பு. இருந்தாலும் அத்தைக்கு ஆகவில்லை.

"ஊட்டுக்குள்ள செருப்புப் போட்டுட்டுத் திரியறது எந்த ஊர்ப் பழக்கம்? எங்கூருல பாத்ததில்ல சாமி."

"குதிகால் வலிக்குதுங்க அத்தை."

"எனக்குந்தான் வலிக்குது. நான் என்ன பூட்ஸா போட்டுக்கிட்டேன்?"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நானும் கழற்றவில்லை, அவரும் விடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் சட்டமே வேறு. செருப்புப் போடக் கூடாது, தாளிக்கக் கூடாது, வெளியூரில் ராத் தங்கக் கூடாது. அத்தை முதல் வேலையாக வீட்டையே கழுவிப்போட்டார். பாய், சாக்கு, போர்வை எல்லாம் தண்ணீரில் முக்கிப் பாறைமேல் விரித்தாயிற்று. மூடாப்புப் போட்டுக்கொண்ட வானத்தில் அது எங்கே காய்கிறது? தரையே வியர்த்தமாதிரி ஈரமாகக் கிடந்தது. தண்ணீர் படாமல் தப்பித்தது ஒன்றே ஒன்று, அத்தையின் பலகை. பலாமரப் பலகை. தன் கல்யாணத்தில் அதில் உட்கார்ந்துதான் தாலி வாங்கினாராம். அதைத் துணியால் துடைத்து, நிறுத்தி, சுவரோரம் சாய்த்துவைத்தார். அதில் அவர் மட்டும்தான் உட்காருவார். பெத்த மகனே உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார்.

என் செருப்பைத் தானே எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே மூலையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். ஜெயித்த சிரிப்பு. சாமி காரியம், நான் என்ன சொல்ல முடியும்? சரி போகட்டும் என்று வெறுங்காலோடு வேலைக்கு உட்கார்ந்தேன். டெஸ்டுக்குச் சில நாள்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் டச்பேடுக்குக் கிறுக்குப் பிடித்தது.

மாட்டின் கொம்பில் ஆரம்பித்து முதுகு வழியாக விரலை இழுக்கிறேன், அம்புக்குறி விருட்டென்று வானத்துக்குப் போகிறது. திரும்பக் கொண்டுவந்தால் தானாகவே க்ளிக் ஆகிறது. லாரிக்கு வால் முளைத்தது. பைக்கில் போனவருக்கு மூன்றாவது கை. கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும், அப்பாடா என்று மூச்சு விட்டால் மறுபடி துள்ளும். அன்று நான் அனுப்பிய படங்கள் எல்லாமே திரும்பி வந்துவிட்டன.

விடுவேனா நான்? விரலைத் துடைத்தேன். டச்பேடை மெல்லிய துணியால் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். செட்டிங்ஸில் போய் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன், விரல் பட்டதும் க்ளிக் ஆவதை நிறுத்தினேன். டிரைவர் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். பேட்டரி வீங்கி அடியிலிருந்து முட்டுகிறதோ என்று மகளுடைய ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், சமமாகத்தான் இருந்தது. நானும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், அது மசியவில்லை.

டீம் லீடருக்கு போன் போட்டேன். என் மகளைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருப்பாள், நல்ல பெண். சப்போர்ட்டில் இருந்து ஒருவரை லைனில் விட்டாள். அவர் கீழே இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து, அம்புக்குறியை வழவழவென்று நாலு பக்கமும் ஓட்டிக் காட்டினார்.

"நல்லாத்தானே மேடம் ஓடுது?"

"அது உங்க மவுஸில நீங்க ஓட்டறதுங்க. என் டச்பேடுல நான் ஓட்டினா ஓடமாட்டேங்குது. அதைத்தானே அப்போவிருந்து சொல்லிட்டிருக்கேன்!"

கத்தித்தான் சொன்னேன். அவர் பாவம், வேறு லேப்டாப் அனுப்புகிறோம், ஆனால் டெஸ்டுக்குள் வராது என்றார். டெஸ்ட் தேதியை மாற்ற முடியாதாம். வேண்டுமானால் முந்தின நாளே கீழே வந்து தங்கி ஆபீசில் எழுதுங்கள் அக்கா என்றாள் டீம் லீடர். காப்புக் கட்டியிருக்கிறது, வெளியே தங்கக் கூடாது. காலையில் முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அத்தை மட்டும் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சாமி குத்தம். இத்தன மாசம் ஊட்டுக்குள்ள செருப்போட திரிஞ்சியில்ல? ஆத்தா பாத்துட்டு சும்மா இருப்பாளா?"

"ஏனுங்க அத்தை, செருப்புப் போட்டிருந்தப்ப இது நல்லா ஓடுச்சுங்க. கழட்டினப்புறந்தான் கிறுக்குப் புடிச்சுது. குத்தம்னா தலைகீழால்ல இருக்கோணும்?"

எரிச்சலில் சொன்னது. சொன்ன சொல் என் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. அத்தை மஞ்சள் நூல் ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப் மூடியைச் சுற்றிக் கட்டினார். நான் தடுக்கவில்லை. அந்த நிலையில் யார் என்ன கட்டினாலும் கட்டட்டும் என்று இருந்தது.

நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது. பேட்டரி சாகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அம்புக்குறி பூனைக்குட்டிமாதிரி விரலுக்குப் பின்னாலேயே வந்தது. கரண்ட் வந்ததும் பழைய குருடி. ஓகோ, சார்ஜர் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று பிடித்துக்கொண்டேன். அடுப்படிப் பிளக்கில் சொருகிப் பார்த்தேன், ஹாலில் சொருகிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே ஆட்டம். மூடியின் இரும்பு ஓரத்தில் புறங்கை பட்டபோது லேசாகச் சுர்ரென்றது. அதையும் மனதில் போட்டுவைத்தேன்.

டெஸ்ட் நாள் வந்துவிட்டது. ஊட்டுக்காரர் காட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று, "உன்னால முடியும் புள்ள" என்றார். முடியுமா முடியாதா என்பது என் கையில் இல்லை, அந்தச் சதுரத்தின் கையில் இருக்கிறது என்று எரிந்துவிழுந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு பழைய படத்தைத் திறந்துவைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். துள்ளல். குதிகால் வேறு சில்லிட்டுத் தெறித்தது. வலி பொறுக்காமல் இரண்டு காலையும் பிளாஸ்டிக் சேர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று விரலை இழுத்தேன்.

மாடு முழுசாக வந்தது. கொம்பு, திமில், வால், நாலு கால். ஓரம் பிசகவில்லை.

காலைத் தரையில் வைத்தேன். வானத்துக்குப் போனது. தூக்கினேன். வந்தது. வைத்தேன். போனது. அடியே, இதுதானா நீ! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு மூடி சுர்ரென்றதும் இதனால்தான், வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. சார்ஜரில் கசிகிற துளிக் கரண்ட் மண்ணுக்குப் போக வழி தெரியாமல், ஈரத் தரையில் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிற என் விரல் வழியாக இறங்கப் பார்க்கிறது. விரல் எது, கரண்ட் எது என்று டச்பேட் குழம்பிப்போகிறது. இத்தனை மாதம் அந்த ரப்பர் செருப்புதான் என்னையும் தரையையும் பிரித்து வைத்திருந்திருக்கிறது.

"ஏம் புள்ள, என்ன அங்க குதிச்சுட்டிருக்கற?" என்று அத்தை அடுப்படியிலிருந்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். செருப்பு என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே அத்தையின் முகம் மாறிவிட்டது. நானே கையை ஆட்டி, இல்லைங்க அத்தை, அதைக் கேட்க மாட்டேன் என்றேன். காப்புக் காலத்தில் அதைக் கேட்பது எனக்கே மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் டெஸ்ட் முடிகிறவரை இப்படிக் காலை மடக்கி உட்கார என்னால் முடியாது. முட்டி பிடித்துக்கொள்ளும், மேசையும் இடிக்கும். சாக்கை மடித்துப் போட்டேன். கழுவின ஈரம் இன்னும் காயவில்லை, அம்புக்குறி துள்ளியது. பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கால் வைத்தேன், படக்கென்று உடைந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு அழுவது பிடிக்காது, அதுவும் அத்தை முன்னால்.

"தரையில கால் படக் கூடாது, அவ்வளவுதானே?"

"ஆமாங்க. காஞ்சதா ஏதாச்சும் வேணுங்க. இந்த ஊட்டுல காஞ்சது எதுவுமே இல்லீங்களே!"

அத்தை திரும்பி நடந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த பலகையை எடுத்துவந்தார். மேசைக்கடியில் குனிந்து, நேராக என் காலுக்குக் கீழே போட்டார்.

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "ஐயோ அத்தை, இது உங்க கல்யாணப் பலகைங்க! இதுலயா மிதிக்கறது? வேண்டாங்க."

"பலகைக்கு என்ன தெரியும், உக்காருறாங்களா மிதிக்கறாங்களான்னு? வெய்யி காலை."

"வேண்டாங்க அத்தை."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீ இதுல தோத்துட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கீழ போயிருவ. பேத்தியும் போயிட்டா. அவன் காட்டுக்குப் போயிருவான். பொழுதன்னைக்கும் நான் இந்தச் செவுத்தோடயா சண்டை போட்டுட்டு இருக்கோணும்? வெய்யி காலை, கண்ணு."

கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வைத்தேன். பலா வழவழவென்று, குளிரே இல்லாமல் இருந்தது. இத்தனை மாதச் சண்டையில், நான் போய்விடுவேனோ என்று இந்த மனுசி பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே. ஆனால் அழ நேரமில்லை. டெஸ்ட் திறந்துவிட்டது.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு நான் போட்ட கோடு மாதிரி இன்றைக்கும் போட முடியாது. லாரியின் பக்கக் கண்ணாடி, வெயிலில் நிற்கிற ஆட்டின் காது, பைக்கின் பின்னால் தொங்கிய பை, ஒன்றையும் விடவில்லை. அத்தை என் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு படத்தில் மட்டும், "அந்த மரத்துக்குப் பின்னால ஒரு எருமை நிக்குது பாரு" என்று சொன்னார். பார்த்தேன், நின்றது. வெளியே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், டெஸ்டில் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. சொல்லவில்லை. அந்த எருமையை மட்டும் விட்டுவிட்டேன். கண்ணால் பார்க்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அடுத்தவர் கண்ணில் பட்டதை என் கணக்கில் எழுதக் கூடாது இல்லையா?

மறுநாள் டீம் லீடர் கூப்பிட்டாள். "அக்கா, ஒரே ஒரு எருமை மிஸ்ஸு. மத்ததெல்லாம் பக்கா. நீங்க மேலயே இருங்க." போனை வைத்துவிட்டு அத்தையிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல எருமைன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் அவர் குரல் கேட்டது. "எங்கூட்டு மருமக எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கறா."

எர்த்தை நான் விடவில்லை. மீட்டர் போர்டில் ஆரம்பித்து வயரைப் பின்தொடர்ந்தேன். பின்சுவரில் இறங்கி, எர்த் குழிக்குப் போக வேண்டிய செம்புக் கம்பி இடுப்பு உயரத்தில் வெட்டி நின்றது. மீதிக் கம்பி எங்கே? நிமிர்ந்தேன். எதிரில் சில்வர் ஓக் மரத்தில் புதிதாக ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அதை மரத்தோடு சேர்த்து, அழகாக, பளபளவென்று சுற்றிக் கட்டியிருந்தது என் செம்புக் கம்பி.

சாயந்திரம் ஊட்டுக்காரர் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"கொடி சரிஞ்சுது, கட்டினேன். அந்தக் கம்பி சும்மாதானே மண்ணுக்குள்ள போய்ட்டிருந்துச்சு? வேற எங்கயும் போகல."

"மண்ணுக்குள்ள போறதுதாங்க அதோட வேலையே!"

நான் போட்ட சத்தத்தில் கோழியெல்லாம் கலைந்து ஓடியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். காப்பு அவிழ்த்த பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக் கம்பி போட்டு, குழிக்கு உப்பும் கரியும் தண்ணீரும் விட்டோம். கொடிக்குச் சணல் கயிறு. சுர்ரென்பதும் நின்றது, துள்ளலும் நின்றது. அத்தை இதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "செருப்பைக் கழட்ட வெச்சதாலதானே கம்பி போனதே தெரிஞ்சுது? ஆத்தாதான் காட்டிக் குடுத்தா."

பலகையை நன்றாகத் துடைத்து அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எர்த் சரியாகிவிட்டது, இனி வேண்டாம் என்றேன். வாங்கிப் பார்த்தார். திரும்பவும் மேசைக்கடியில் கொண்டுபோய் வைத்தார். "குதிகால் வலி சரியாயிருச்சா? இல்லீல்ல? கெடக்கட்டும்." ரப்பர் செருப்பு அதற்கப்புறம் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கொல்லைப்பக்கம் போகத்தான் ஆகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயந்திரம் ஊட்டுக்காரர் நனைந்துகொண்டு வந்தார். அடுப்போரம் உட்கார எதையாவது தேடினார். நான் டீ வைக்க எழுந்துபோயிருந்த நேரம், மேசைக்கடியில் இருந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"எந்திரிடா. அது அவ காலு வெக்கிற பலகை."

"ஏம்மா, அது உன் கல்யாணப் பலகையில்ல?"

"ஆமா, அதுக்கென்ன? எந்திரி. அவளுக்கு வேலை கெடக்குது."

எழுந்து, பலகையைத் துண்டால் துடைத்து, மேசைக்கடியில் வைத்தார். நான் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, காலை வைத்து, பாதியில் விட்ட மாட்டை எடுத்தேன். வாலையும் சுற்றி முடித்த பிறகுதான் சிரித்தேன்.